‘எதுவரைக்கும்?’: மாணவர்களை அழைக்கும் திட்ட முன்மொழிவை எழுதுவது பற்றி

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். தாமிரபரணிப் பாசனக் கால்வாய்களையும் குளங்களையும் பதிவுசெய்யும் ஓர் ஓப்பன் சோர்ஸ் (மூல நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய) செயலியை, அலுவலக வேலை போக மிஞ்சும் நேரத்தில், தனியாளாகப் பராமரித்து வருகிறார். “செயலியை மேம்படுத்த மாணவப் பங்களிப்பாளர்கள் தேவை. ஆண்ட்ராய்டு தெரிந்தால் நல்லது. ஆர்வமுள்ளவர்கள் தொடர்புகொள்ளலாம்” என்று சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கெல்லாம் எழுதி அனுப்பினார். நான்கு பேர் வந்தார்கள். இரண்டாவது வாரத்தில் ஒருவரும் இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமே கிடையாதா, அல்லது தான் எழுதியதில் குறையா என்பது அவருடைய கேள்வி.

அவருக்கே நேராகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்கிறது. குறை எழுத்தில்தான் இருக்கிறது. இதை உறுதியாகச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு, ஏனென்றால் இதே குறையை நானும் சில ஆண்டுகள் செய்திருக்கிறேன். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை, இன்று எல்லாக் கணினியும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சிறிய பைத்தான் நிரலைப் பராமரிப்பவர்களில் நானும் ஒருவன். பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன் அச்சகங்களில் பாமினி எழுத்துருவிலும் திஸ்கி என்ற பழைய குறியீட்டு முறையிலும் அடித்து வைத்த நூல்கள், கோவில் விழா மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள் என்று இன்னும் ஏராளமான கோப்புகள் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். இந்த வேலைக்கு மாணவர்களை அழைக்க நான் எழுதிய முதல் முன்மொழிவு ஒரே வரி: “எழுத்துரு மாற்றியை மேம்படுத்துதல், பைத்தான் அறிவு விரும்பத்தக்கது.”

அதைப் பார்த்து, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பேருந்தில் கல்லூரிக்கு வந்துபோகும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் என்னைச் சந்தித்தார். நிரலை ஏற்கெனவே தன் லேப்டாப்பில் இறக்கி ஓட்டிப் பார்த்திருந்தார். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “அண்ணா, மேம்படுத்தணும்னு போட்டிருக்கீங்கல்லா, அது எதுவரைக்கும்?” எனக்குப் பதில் தெரியவில்லை. பிழைகளைத் திருத்தலாம், வேகத்தைக் கூட்டலாம், புதிய எழுத்துருக்களைச் சேர்க்கலாம், எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள் என்று தாராளமாகச் சொன்னேன். அவர் நோட்டில் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. மறு வாரம் அவர் வரவில்லை.

அந்தத் தாராளத்தில்தான் தவறு இருந்தது என்பது எனக்கு விளங்க நாளாயிற்று. பத்தமடையில் கல்யாணப் பாய் சொல்லப் போகிறவர்கள் நல்ல பாயாக ஒன்று வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவதில்லை. நீள அகலம், நிறம், மணமக்கள் பெயர், முகூர்த்த நாள் எல்லாம் சொன்ன பிறகுதான் நெய்கிறவர் கோரையைக் கையில் எடுக்க முடியும். கோரையோடு ஆயுள் முழுதும் பழகிய கைக்கே இத்தனை விவரம் தேவைப்படுகிறது என்றால், நம் நிரலை நேற்றுத்தான் முதன்முதலாகத் திறந்த மாணவிக்கு எவ்வளவு விவரம் தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள். எல்லை சொல்லாத வேலையைப் பார்த்து நிதானமான மாணவர்கள் பின்வாங்குகிறார்கள், ஏனென்றால் ஒன்றை ஏற்றால் முடிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அவர்கள்தான். சான்றிதழுக்காக மட்டும் வருபவருக்கோ அதே மங்கல் வசதியாக இருக்கிறது. உங்களிடம் வந்த நால்வரில் இந்த இரு வகையினரும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே முன்மொழிவில் முதலில் எழுத வேண்டியது வேலையின் முடிவு. அதை எழுத உட்கார்ந்தால்தான், நமக்கே அது தெரியாமல் இருந்தது வெளிப்படும். என் நிரலை வைத்தே காட்டுகிறேன்.

பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகும். ‘கொ’ என்று அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று மூன்று துண்டுகள். யூனிகோடில் ககரம் முதலில் வரும், அதன்பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று. எனவே மாற்றி நிரல் துண்டுகளின் இடத்தை மாற்றிக் கோக்க வேண்டும். இதுவரை சிக்கல் இல்லை. ஔகாரத்தில்தான் சிக்கல். ‘மௌனம்’ என்ற சொல்லில் மகரத்துக்குப் பின் வரும் ஔகாரச் சிறகும், ‘ள’ என்ற எழுத்தும், பாமினியில் ஒரே விசையில் ஒரே வடிவமாக இருந்தன. கொம்பு, ஒரு மெய், அதன்பின் தனி ‘ள’ என்று வந்தால் அதை ஔகாரமாக எடுத்துக்கொள் என்பது எங்கள் நிரலின் விதி. மௌனம், பௌர்ணமி, வௌவால் எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தன. நெல்லை வட்டாரப் பேச்சில் எழுதிய ஒரு சிறுகதைத் தொகுப்பின் கோப்பைக் கொடுத்தபோது, கதையில் ஆச்சி ஏற்றிய ‘வெளக்கு’ எல்லாம் ‘வௌக்கு’ ஆகிவிட்டது, ‘வெளக்கமாறு’ம் அப்படியே. எழுத்துத் தமிழில் அரிதாக வரும் எழுத்துச் சேர்க்கை பேச்சுத் தமிழில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது என்பதை விதி எழுதியவர்கள் யாரும் யோசிக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

இதைக் கண்டபிறகு எழுதிய முன்மொழிவு இப்படி இருந்தது: “பாமினி கோப்புகளில் ஔகாரச் சிறகையும் ளகரத்தையும் பிரித்தறிதல். இப்போது நிரல் ‘வெளக்கு’ என்பதை ‘வௌக்கு’ என மாற்றுகிறது. சோதனைக் கோப்புறையில் இத்தகைய 60 சொற்கள் உள்ளன. அவற்றில் பாதி ஔகாரம், பாதி ளகரம். வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம்: 60 சொற்களும் சரியாக மாற வேண்டும், இப்போது வெற்றி பெறும் சோதனைகள் எதுவும் தோற்கக் கூடாது, புதிய விதியை விளக்கும் ஒரு பக்கம் தமிழில் எழுதப்பட வேண்டும். திஸ்கி கோப்புகள் இந்த வேலையில் சேரா. வேகத்தைக் கூட்டுவது இந்த வேலையில் சேராது.” கடைசி இரண்டு வாக்கியங்களை நான் முதலில் எழுதவில்லை, உடன் பராமரிக்கும் நண்பர் சேர்த்தார். எது வேலையில் சேராது என்று எழுதியிருந்த அந்த இரண்டு வரிகளைத்தான் மாணவர்கள் பலரும் நிம்மதியோடு சுட்டிக்காட்டினார்கள். அந்த ஆண்டு இந்த வேலையை எடுத்த மாணவர் ஆலங்குளத்தைச் சேர்ந்தவர்; வீட்டில் பேசும் சொற்களையே சோதனைக்குச் சேர்த்து 60-ஐ 90-க்கு மேல் கொண்டுபோனார்.

இந்தத் துறையில் நீண்ட அனுபவமுள்ள பெரிய நிகழ்ச்சிகளும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. மாணவர்களை வழிகாட்டிகளோடு ஓப்பன் சோர்ஸ் வேலையில் சேர்க்க 2005-இல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோட் நிகழ்ச்சியில் ஒரு ஓப்பன் சோர்ஸ் அமைப்பு இடம்பெற வேண்டுமானால், தான் வைத்திருக்கும் திட்ட யோசனைகளின் பட்டியலைக் காட்ட வேண்டும். அமைப்பைத் தேர்ந்தெடுப்பதில் அந்தப் பட்டியலின் தரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு யோசனைக்கும் தலைப்பு, ஓரிரு வாக்கியங்களுக்கு மேற்பட்ட விளக்கம், எதிர்பார்க்கும் விளைவு, தேவையான திறன்கள், வழிகாட்டியின் பெயர், எத்தனை மணி நேர வேலை, எளிது, நடுத்தரம், கடினம் என்பவற்றில் எந்த நிலை என்பவை கேட்கப்படுகின்றன. 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் அதில் சேரலாம். மணிக்கணக்கும் காலப்போக்கில் மாறியிருக்கிறது: 2021-இல் வேலையின் அளவைச் சுமார் 175 மணி நேரமாகக் குறைத்தார்கள், 2022-இல் 175, 350 என்று இரண்டு அளவுகள் வைத்தார்கள், 2024-இல் சுமார் 90 மணி நேரத்துக்கான சிறு திட்டங்களையும் சேர்த்தார்கள். கோடைக்காலம் முழுவதையும் ஒரே வேலைக்கு ஒதுக்க எல்லோராலும் முடிவதில்லை என்பதை ஏற்றுக்கொண்ட மாற்றமாகவே இதை நான் பார்க்கிறேன்.

மணிக்கணக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இது எளிதில் தவறிப்போகும் இடம். ‘மூன்று மாத வேலை’ என்று எழுதாதீர்கள். பேருந்தில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், வீட்டில் தம்பி தங்கைகளோடு ஒரே அறை என்று இருக்கும் மாணவிக்கு மூன்று மாதம் என்பது 40 மணி நேரமாகவும் இருக்கலாம். மணி நேரத்தில் எழுதுங்கள்; அதுவும் உங்களுக்கு ஆகும் நேரத்தை எழுதாதீர்கள், புதியவருக்கு ஆகும் நேரத்தை எழுதுங்கள். நான் ஒரு மாலையில் முடித்துவிடக்கூடிய வேலைக்கு 15 மணி நேரம் என்று போடுகிறேன். நிரலை நிறுவுவதற்கே அதில் மூன்று மணி நேரம் போய்விடுகிறது. நாட்காட்டியையும் பாருங்கள். நம் கல்லூரிகளில் ஏப்ரல், மே மாதங்களிலும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் பருவத் தேர்வுகள் நெருக்கும். கூகுள் நிகழ்ச்சிக்கான விண்ணப்பக் காலம் பெரும்பாலும் மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வந்து, சரியாக அந்த நெருக்கடியில் விழுகிறது. உங்கள் செயலிக்கு அப்படிப்பட்ட கட்டாயம் ஒன்றும் இல்லை. ஜூன் கடைசியிலோ ஜனவரி இரண்டாம் வாரத்திலோ தொடங்குமாறு வைத்தால் வேலை தடைபடாது.

திறன்கள் பகுதிக்கு வருகிறேன். “ஆண்ட்ராய்டு தெரிந்தால் நல்லது” என்ற உங்கள் வரி பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கும். தெரிந்தால் நல்லது என்றால், தெரியாவிட்டால் வரலாமா கூடாதா? நம் மாணவர்கள் ‘கூடாது’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள், குறிப்பாகக் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவர்கள். வரும்போதே தெரிந்திருக்க வேண்டியவை, வந்தபின் நாங்கள் சொல்லித்தருபவை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முதல் பட்டியல் எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதில் இருப்பவை உண்மையிலேயே கட்டாயமானவையாக இருக்க வேண்டும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டுமா? இல்லை, அதை ஒரு மாலையில் கற்றுத்தரலாம். ஜாவாவிலோ கோட்லினிலோ ஒரு சிறு நிரலைத் தானாக எழுதிப் பார்த்திருக்க வேண்டுமா? ஆம் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். எவ்வளவு நினைவகம் உள்ள லேப்டாப் தேவை என்பதையும் எழுதுங்கள்; ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ 4 ஜிபி நினைவகத்தில் மூச்சுத் திணறும் என்பதை மாணவர் பாதி வழியில் கண்டுபிடிப்பது அவருக்கு நாம் செய்யும் அநியாயம். கல்லூரி ஆய்வகக் கணினியில் செய்ய முடியுமா, போனிலேயே செய்யக்கூடிய பகுதி எது என்றும் சொல்லிவிடுங்கள்.

திறன்கள் பட்டியலில் நாம் எழுத மறக்கும் ஒன்று உண்டு. தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிவதும், ஊர் பற்றிய அறிவும் திறன்களே. ‘வெளக்கு’ பிழையைப் பெங்களூரில் இருந்து பார்க்கும் திறமையான நிரலாளர் கவனித்திருக்க மாட்டார். உங்கள் செயலியில் மடை, மறுகால், கலிங்கு, கால்வாய் என்ற சொற்கள் வருகின்றன. கார் சாகுபடிக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள், பிசானத்துக்கு எப்போது என்பது தெரிந்தவர் வேண்டியிருக்கிறது. அதை வெளிப்படையாகக் கேளுங்கள். வயல் வேலை தெரிந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளை, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை ஒரு மென்பொருள் திட்டம் தேவை என்று கேட்பதை முதன்முறையாகப் பார்ப்பார். முன்மொழிவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஆங்கிலம் வேண்டும், அது இந்தத் தொழிலின் மொழி. ஆனால் ஐயம் கேட்பதற்குத் தமிழில் இடம் இருக்கிறது என்று எழுதியிருந்தால் கேள்விகள் கூடுதலாக வருகின்றன, முதல் வாரத்திலேயே வருகின்றன.

அடுத்தது முதல் வேலை. முன்மொழிவை வாசித்து முடித்த மாணவர் அன்று இரவே செய்யக்கூடிய ஒன்று அதில் இருக்க வேண்டும். பெண்களையும் பிற குறைந்த வாய்ப்புப் பெற்றவர்களையும் கட்டற்ற மென்பொருளுக்குள் கொண்டுவர, 2006-இல் க்னோம் என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பு தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த அவுட்ரீச்சி நிகழ்ச்சியில், விண்ணப்பிக்கும் காலத்திலேயே திட்டத்துக்கு ஒரு பங்களிப்பாவது செய்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. இரு தரப்புக்கும் நல்ல விதி அது. மாணவருக்கு நிரலும் வழிகாட்டியும் எப்படி என்று தெரிகிறது. வழிகாட்டிக்கு மாணவர் எப்படிக் கேள்வி கேட்கிறார் என்று தெரிகிறது. ஆனால் இதற்கு நாம் ஒரு விலை கொடுக்க வேண்டும். கைக்கு எளிதான சிறு பிழைகளை நாமே திருத்திவிடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். நான் இப்போது பத்துப் பதினைந்து சிறு பிழைகளைத் தொடாமல் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எந்தக் கோப்பு, எந்த வரிக்கு அருகில், எப்படி ஓட்டிப் பார்ப்பது என்று எழுதி, நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் முதல் வேலைக்கான அடையாளம் போட்டிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் விட்டுவைத்திருக்கிறேன், ஏனென்றால் சில பிழைகள் ஐந்து நிமிட வேலை.

எல்லை வகுத்த சிறு வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மும்பை ஐஐடியில் உள்ள ஃபோசி திட்டம், பாடநூல்களில் தீர்த்துக் காட்டியிருக்கும் கணக்குகளைச் சைலாப் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு நிரலாக எழுதித்தருமாறு மாணவர்களைக் கேட்கிறது. ஒரு மாணவருக்கு ஒரு பாடநூல். எங்கே தொடங்குவது என்பது முதல் அத்தியாயம். எங்கே முடிவது என்பது கடைசி அத்தியாயம். விடை சரியா என்பது நூலிலேயே அச்சாகியிருக்கிறது. வேலையை முடித்தவர்களுக்கு மதிப்பூதியமும் கொடுத்திருக்கிறார்கள். பெரிய நகரத்துக் கல்லூரிகளுக்கு வெளியே இருக்கும் மாணவர்களும் இதில் நிறையப் பங்களித்திருப்பதற்கு, கேட்கும் முறையே முதல் காரணம் என்பது என் கருத்து.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்க டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் அக்டோபர் மாதங்களில் நடத்திவரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020-இல் நான்கு புல் ரிக்வெஸ்ட் (நிரலில் ஒரு மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் வேண்டுகோள்) அனுப்பினால் டி-ஷர்ட் என்று இருந்தது. எங்கே, எதை, எந்த அளவுக்கு என்று எதுவும் வரையறுக்காத அழைப்பு அது. அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி அனுப்பும் வேண்டுகோள்கள் உலகமெங்கும் பராமரிப்பாளர்களின் மேல் கொட்டின. அந்த மாதத்திலேயே, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும்தான் கணக்கு என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அனுப்பியவர்களில் நம் நாட்டு மாணவர்கள் பலர் இருந்தார்கள் என்பதைச் சொல்லி அன்று நிறையக் கேலி நடந்தது. எனக்கு அது வருத்தமாக இருந்தது. அவர்களுக்குச் செய்யத் தகுந்த வேலையை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

இப்போது இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. மாணவர்கள் அனுப்பும் விண்ணப்பங்களில் பாதி, செயற்கை நுண்ணறிவு எழுதித்தந்த வழவழப்பான ஆங்கிலத்தில் வருகின்றன. எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முன்மொழிவிலேயே, நிரலை ஓட்டிப் பார்த்தவர் மட்டும் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை வைக்கிறேன். “சோதனைக் கோப்புறையின் மூன்றாம் கோப்பை மாற்றிப் பாருங்கள், எந்த வரிகள் தவறாக வருகின்றன, ஏன் என்று உங்களுக்குத் தோன்றுகிறது? ஐந்து வரிகளில் தமிழில் எழுதினாலும் போதும்.” இதற்கு வரும் பதில்களில் சில தவறாக இருக்கும். தவறாக இருந்தாலும் அது அந்த மாணவர் யோசித்த தவறு என்பது தெரிந்துவிடும், அவரோடு பேசத் தொடங்க அதுவே போதுமானது.

வழிகாட்டி பற்றி எழுதும்போது பெயரை மட்டும் போடாதீர்கள். இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் மற்றவர் பதில் சொல்ல. எந்தக் கிழமைகளில் எத்தனை மணிக்குப் பேசலாம், எழுதிக் கேட்டால் எத்தனை நாளுக்குள் பதில் வரும் என்பதை எழுதி, எழுதியபடி நடக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு மாணவர் புல் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பதினெட்டு நாள் நான் திறந்தே பார்க்கவில்லை. வீட்டில் ஒரு கல்யாணம், அதைச் சொல்லவும் இல்லை. பத்தொன்பதாம் நாள் நான் நீளமாக மன்னிப்பு எழுதினேன். அவர் மரியாதையாகப் பதில் போட்டார், பிறகு வரவில்லை. அதிலிருந்து, இரண்டு நாளில் பதில் வராவிட்டால் யாருக்கு நினைவூட்டலாம் என்பதையும் முன்மொழிவிலேயே எழுதிவிடுகிறேன். நினைவூட்டுவது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நினைவூட்டுங்கள் என்று நாமே எழுதித்தந்தால்தான் செய்வார்கள்.

பணம் இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். சான்றிதழ் பற்றியும் அப்படியே: கல்லூரிக்குக் காட்ட, செய்த வேலையை விவரிக்கும் ஒரு கடிதம் தர முடியுமானால், எதை முடித்தால் அது கிடைக்கும் என்று சொல்லிவிடுங்கள். பங்களித்தவரின் பெயர் நிரலின் வரலாற்றில் நிலைத்திருக்கும் என்பதையும், உரிமம் என்ன என்பதையும் இரண்டு வரியில் சேர்க்கலாம்.

சில வேலைகளை மாணவருக்கு வைக்கவே கூடாது. நாளை வெளியிட வேண்டிய பதிப்பு அதற்காகக் காத்திருக்கிறது என்ற வேலை, மொத்த நிரலையும் புதிதாக எழுதும் வேலை, நமக்கே வழி தெரியாத வேலை ஆகியவை அந்த வகை. மாணவர் பாதியில் போகக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டே திட்டத்தை வெட்ட வேண்டும். நான்காவது வாரத்தில் அவருக்குத் தேர்வு வந்துவிட்டாலும், அதுவரை செய்தது தனியாகப் பயன்படுமாறு துண்டு போடுங்கள். போனவர் திரும்பி வரவும் அதுவே வழி. குற்ற உணர்ச்சியோடு போனவர் திரும்புவதில்லை.

எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில் எனக்குப் பெரிய நுட்பம் தெரியாது. பாளையங்கோட்டைக் கல்லூரிகள், அரசு பொறியியல் கல்லூரி, அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று நமக்கு இடங்களுக்குக் குறைவில்லை. பொது மின்னஞ்சலுக்கு அனுப்பியதைவிட, ஒரு தாளில் அச்செடுத்து, துறையில் ஒரு ஆசிரியரிடம் நேரில் கொடுத்து, மூன்றாம் ஆண்டு வகுப்பில் பத்து நிமிடம் பேசியது எனக்குப் பலன் தந்தது. ஒரு தாளில் அடங்காத முன்மொழிவைத் திரும்பவும் வெட்டுங்கள்.

இனி உங்கள் செயலி. அதன் நிரலை இறக்கிப் பார்த்தேன். மேம்படுத்தல் என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஆறு வேலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும், என் மனத்தில் வந்தபடி எழுதித்தருகிறேன். தகவல்களை நீங்கள் சரிபார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

“கன்னடியன் கால்வாயில் தண்ணீர் பெறும் குளங்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடத்தில் தமிழ்ப் பெயரோடு பதிவுசெய்தல். எங்கள் செயலி குளங்களின் பெயரையும் எல்லையையும் அந்த வரைபடத்திலிருந்து எடுத்துக் காட்டுகிறது. இப்போது பல குளங்கள் பெயர் இல்லாத நீலத் திட்டுகளாக உள்ளன. சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடை வரை உள்ள குளங்கள் மட்டும் இந்த வேலையில் சேரும். மற்ற அணைக்கட்டுகளின் கால்வாய்கள் சேரா, செயலியின் நிரலும் சேராது. ஒவ்வொரு குளத்துக்கும் எல்லை, தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்தில் பெயர், மறுகால் (நிறைந்த குளத்தின் மிச்ச நீர் வெளியேறும் வழி) இருக்கும் இடம் ஆகிய நான்கும் பதிவானால் அந்தக் குளம் முடிந்தது. பெயரை ஊரில் கேட்டு எழுத வேண்டும். கூகுள் வரைபடத்தைப் பார்த்து எடுக்கக் கூடாது, உரிமம் அதற்கு இடம் தராது. ஒரே குளத்துக்கு இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் குறித்து வாருங்கள், சேர்ந்து முடிவு செய்வோம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் வாசிக்கத் தெரிய வேண்டும், சைக்கிளோ பைக்கோ இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உடன் வருகிறோம். போனில் செய்யலாம். மொத்தம் 40 மணி நேரம், ஜனவரி மூன்றாம் வாரம் தொடங்கி எட்டு வாரம். பணம் இல்லை, செய்த குளங்களின் பெயர்களோடு கடிதம் தருவோம். இன்றே செய்யக்கூடிய முதல் வேலை: உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள குளத்தை வரைபடத்தில் தேடுங்கள். பெயர் இருக்கிறதா? இருந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை அந்தப் பெயரில்தான் சொல்கிறார்களா? பதிலை எங்களுக்கு எழுதுங்கள்.”